மூக்கு டூட்டி

கச்சேரி பாதியில் நின்றுபோனது. நடந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஊரில் கட்டிப் பேசுவது.

காதில் இருப்பதை எடுங்கள் தம்பி. பாட்டுத்தானே, அது எங்கே ஓடிவிடப் போகிறது. முதலில் டிக்கெட்டைக் காட்டுங்கள். சும்மா காட்டுங்கள். ம். விருதுநகர். நானும் அங்கேதான் இறங்குகிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், பழக்கம். போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராகச் சேர்ந்து செக்கிங் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். டிக்கெட் எடுத்தவன்தான் பையைத் துழாவி முழிப்பான். எடுக்காதவன் முகம் சாந்தமாக இருக்கும். உங்கள் முகம் கொஞ்சம் சாந்தமாக இருந்தது. அதனால் கேட்டேன்.

எங்கள் ஊர் வன்னிமடை. தை மாதம் அம்மன் கோவில் பொங்கல். மூன்று நாளும் இசைதான். முதல் நாள் நாதஸ்வரம், மறுநாள் நையாண்டி மேளம், மூன்றாம் நாள் மதுரையிலிருந்து இன்னிசைக் கச்சேரி. மூன்றாம் நாளுக்குச் சுற்றுப்பட்டி எல்லாம் வரும். பாதிப் பேர் பாட்டுக் கேட்க, பாதிப் பேர் குடித்துவிட்டு ஆட. குடிக்காமல் மேடைக்கு முன்னால் ஆடிய ஒருவனை நான் பார்த்ததில்லை. இருக்கிறான் என்று யாராவது சொன்னால் நம்பவும் மாட்டேன்.

போன வருஷம் அடிதடி. நாற்காலி பறந்து கீபோர்டு மேல் விழுந்தது. பாடிய பெண்ணுக்கு நெற்றியில் காயம். இனி வன்னிமடையில் கச்சேரியே கிடையாது என்று போலீஸ் சொல்லிவிட்டது. கமிட்டித் தலைவர் அரியநாயகம் வருஷம் முழுக்க ஸ்டேஷனுக்கு நடந்தார். கடைசியில் புதிதாக வந்த எஸ்.ஐ. அம்மா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்ட வேண்டும். குடித்தவன் ஒருத்தன்கூடக் கயிற்றுக்குள் இருக்கக்கூடாது. ஒருத்தன் அகப்பட்டாலும் கச்சேரி அந்த இடத்திலேயே முடிந்தது. அடுத்த வருஷமும் கிடையாது, அதற்கு அடுத்த வருஷமும் கிடையாது. அரியநாயகம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தார்.

ஆக, வாசலில் நிற்க ஒரு மூக்கு தேவைப்பட்டது. என்னைப் போட்டார்கள். வேறு யாரைப் போடுவார்கள்?

உள்ளே வருகிற ஆம்பளை ஒவ்வொருத்தனும் என் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊத வேண்டும். வாடை இருந்தால் வெளியே. ஏமாற்றி உள்ளே போனவன் அகப்பட்டால் நான் விசில் அடிப்பேன். விசில் கேட்டால் பாட்டை நிறுத்த வேண்டும். இது கமிட்டி ஏற்பாடு. விசில் என்னுடையது, கண்டக்டராக இருந்தபோது வைத்திருந்தது.

இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பனி ஆகாது. பொழுது சாய்ந்தால் நெஞ்சில் சளி கட்டும். அதற்கு வெந்நீரில் இரண்டு மூடி பிராந்தி. டாக்டர் எழுதிக் கொடுத்தது இல்லை, நானே கண்டுபிடித்தது. அன்றைக்கு வெட்டவெளியில் நிற்க வேண்டியிருந்ததால் கொஞ்சம் கூட. பனி இறங்கியதும் இன்னும் கொஞ்சம். அது மருந்து. குடி வேறு, மருந்து வேறு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு சிலர் இதை வேறு மாதிரிப் பேசினார்கள்.

வாசலில் நல்ல வேட்டை. கொய்யா இலை மென்றுவிட்டு வந்தவன், பல் துலக்கி நுரையோடு வந்தவன், வாய் நிறையச் சீரகம் போட்டுக்கொண்டு வந்தவன், எல்லோரையும் திருப்பி அனுப்பினேன். ஆனால் ஒரு விஷயம் இடித்தது தம்பி. அன்றைக்கு ஊருக்கே லேசாக ஒரு பிராந்தி வாடை இருந்தது. யார் ஊதினாலும் கொஞ்சம் அடித்தது. கோவில் பூசாரி ஊதினார், அவரிடமும் அடித்தது. காற்று அந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பூசாரியை விட்டேன். மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

அப்போதுதான் தவசி வந்தான்.

தவசி யார் என்றால், பேப்பர் குடோனில் லோடுமேன். வருஷா வருஷம் மேடைக்கு முன்னால் முதல் ஆளாக ஆடி முதல் ஆளாக விழுகிறவன். போன வருஷம் அந்த நாற்காலியை எறிந்தது அவன் இல்லை. ஆனால் எறிந்தவன் மேல் விழுந்து கிடந்தது அவன். அப்பேர்ப்பட்டவன் வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, பக்கத்தில் பொண்டாட்டி. முகம் சாந்தமாக இருந்தது.

"ஊது" என்றேன்.

"அண்ணாச்சி, நான் விட்டுட்டேன்."

"எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கேன். ஊது."

ஊதினான். வாடை லேசாக அடித்தது.

"என்னத்தக் குடிச்ச?"

"கம்மங்கூழு, அண்ணாச்சி. நான்தான் கரைச்சுக் குடுத்தேன்" என்றாள் அவன் பொண்டாட்டி. கேட்டது அவனை. பதில் அவளிடமிருந்து வந்தது. கவனியுங்கள்.

அவள் கையில் ஒயர் கூடை. அதில் ஒரு கோரைப்பாய், ஒரு பிளாஸ்க்.

"இதுல?"

"சுக்குத்தண்ணி."

திறந்து முகர்ந்தேன். சுக்குதான். ஆனால் சுக்கு எதையும் மறைக்கும். என்ன சொல்லித் தடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தவசி அவளிடம் தணிந்த குரலில் சொன்னான்:

"வேணாம்டி, வீட்டுக்குப் போயிருவோம். சும்மா நின்னு பாட்டுக் கேட்டா கையக் கால எங்க வைக்கன்னே எனக்குத் தெரியாது."

"எங்கயும் வைக்க வேணாம். மடியில வச்சுக்கிட்டுக் கேளுங்க. புடிக்கலன்னா பாதியில எந்திரிச்சுருவோம்."

விட்டேன். விட்டேனே தவிர, கண்ணை எடுக்கவில்லை.

அவள் வாசலை ஒட்டி, பெண்கள் உட்காரும் பக்கம் போய் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. அவனுக்கு மஞ்சள்காமாலை முற்றி மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தானாம். இனி ஒரு சொட்டு உள்ளே போனால் ஆள் மிஞ்சாது என்று சொல்லி அனுப்பினார்களாம். குடியை விட்டான். அதோடு கல்யாண வீடு, கோவில் கொடை, கச்சேரி எல்லாவற்றையும் விட்டுவிட்டானாம், குடிக்காமல் அங்கெல்லாம் எப்படி நிற்பது என்று தெரியாமல். "பாட்டுன்னா அவருக்கு உசுரு மதினி. வீட்டுல ரேடியோவைக்கூட அமத்திட்டாரு. பாட்டக் கேட்டா அந்த நெனப்பு வருதாம். இன்னைக்கு ஒரு நாள் இந்தப் பாட்டைத் தாண்டிட்டார்னா பொழச்சுக்குவாரு" என்றாள்.

முன்கூட்டியே சாட்சி தயார் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் எவ்வளவோ பார்த்திருக்கிறேன்.

பொழுது சாய்ந்ததும் கச்சேரி ஆரம்பித்தது. முதல் சில பாட்டுக்குத் தவசி அசையவில்லை. ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அப்புறம் ஒரு குத்துப் பாட்டு. டிரம்ஸ் பேடு அடித்த பையன் ஒரு பக்கம், தவில்காரர் ஒரு பக்கம், இரண்டு பேரும் போட்டி போட்டு வாசித்தார்கள். தவசியின் குதிகால் முதலில் எழுந்தது. பிறகு தோள். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைக்கு முன்னால் போய்விட்டான்.

ஆடினான் தம்பி. முன்னெல்லாம் ஆடினால் தாளம் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். அன்றைக்கு ஒவ்வொரு அடிக்கும் கால் சரியாக விழுந்தது. தவில்காரர் இவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாசித்தார். இவன் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஆடினான். பாட்டு முடிந்ததும் பொண்டாட்டியிடம் ஓடி, பிளாஸ்க்கை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, மறுபடி சிரித்தான்.

சுக்குத்தண்ணி குடித்துவிட்டு எவனாவது சிரிப்பானா? நீங்களே சொல்லுங்கள்.

பக்கத்தில் போனேன். வாடை அடித்தது. நான் போகப் போக வாடையும் கூடியது. சந்தேகமே இல்லை. விசிலை எடுத்து அடித்தேன்.

பாட்டு நின்றது. எஸ்.ஐ. அம்மா எழுந்து வந்தார். சின்ன வயசு. கையில் ஊதுகிற மிஷின்.

"யாரு?"

"இவன்தான்."

தவசிக்கு வேர்த்துக் கொட்டியது. மிஷினில் வாயை வைத்து உறிஞ்சுகிறான். ஊதச் சொன்னால் கன்னம் மட்டும் உப்புகிறது, காற்று போகவில்லை. மறுபடி உறிஞ்சுகிறான். நூறு பேர் ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இதுகூடத் தெரியாதா? குடுங்க இப்படி" என்று மிஷினை வாங்கினேன். "இப்படி ஊதணும்" என்று ஊதிக் காட்டினேன்.

மிஷின் கீயென்று கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது. மேடை மைக் பக்கத்தில் இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது. அந்தப் பேடு அடிக்கிற பையன், பொறுப்பில்லாதவன், அதற்கு ஒரு தாளம் வேறு போட்டான்.

சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

எஸ்.ஐ. அம்மா ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றார். "பெரியவரே, என்ன சாப்பிட்டீங்க?"

"மருந்து."

"எந்தக் கடையில வாங்குன மருந்து?"

அதற்கும் சிரித்தார்கள். மிஷின் கோளாறு என்று சொன்னேன். அவர் குழாயை மாற்றித் தவசியிடம் கொடுத்து, பதறாமல் ஊதச் சொன்னார். இந்தத் தடவை ஊதினான். சத்தம் இல்லை. மறுபடி ஊதச் சொன்னார். சத்தம் இல்லை.

"பாத்தீங்களா? குடிச்சவனுக்கு அடிக்கல, குடிக்காதவனுக்கு அடிக்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றேன். "குடிக்கலன்னா எதுக்கு ஆடுறான்னு கேளுங்க."

கேட்டார். நியாயமான கேள்வி என்பதால்தானே கேட்டார்.

தவசி முழித்தான். "தவில்காரரு அப்படி வாசிச்சாரும்மா. அவரைத்தான் கேக்கணும்."

எஸ்.ஐ. அம்மா அரியநாயகத்தின் பக்கம் திரும்பினார். "தலைவரே, கயிறுக்குள்ள ஒருத்தர் இருந்தாலும் கச்சேரி முடிஞ்சதுன்னு நீங்கதான ஒத்துக்கிட்டீங்க? ஒருத்தர் இருக்காரு. அதுவும் வாசல் காவலுக்குப் போட்ட ஆளு."

அரியநாயகம் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். என்னோடு ஒன்றாகப் படித்தவர் அவர். "ஏம்ப்பா" என்றார்.

இளவட்டங்கள் கத்த ஆரம்பித்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டு மூன்று தலைக்கு மேல் எழுந்தன. பின்னால் பெண்கள் பாயைச் சுருட்டிப் பிள்ளைகளைத் தூக்கத் தொடங்கினார்கள். எஸ்.ஐ. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "பொம்பளைங்க கிளம்பியாச்சு. இனிமே நடந்தா போன வருஷக் கதைதான். முடிச்சுக்கோங்க" என்றார். மேடையில் ஒயரைப் பிடுங்கத் தொடங்கிவிட்டார்கள்.

இதற்கிடையில் தவசியை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கயிற்றைத் தாண்டி ரோட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தான். அங்கே பரோட்டாக் கடை வெளிச்சத்தில் அவனுடைய பழைய கூட்டாளிகள், நான் திருப்பி அனுப்பியவர்கள், நின்றிருந்தார்கள்.

"வாடே தவசி. நீ குடிச்சாலும் குடிகாரன், குடிக்காட்டியும் குடிகாரன். அதுக்குப் பேசாமக் குடிச்சுட்டே போயேன்" என்று ஒருத்தன் பிளாஸ்டிக் டம்ளரை நீட்டினான். அத்தனை சத்தத்திலும் அது கேட்டது.

"பாருங்க. போறான் பாருங்க" என்று நான் எல்லோருக்கும் காட்டினேன். நான் சொன்னது சரி என்று தெரிய வேண்டுமே.

அரியநாயகம் தவசி பொண்டாட்டியைப் பார்த்துப் பதறினார். "ஓடிப் போயி இழுத்துட்டு வாம்மா."

அவள் நகரவில்லை. முகம் வெளுத்திருந்தது, ஆனால் நகரவில்லை. "ஆடா மாடா இழுத்துட்டு வர? இன்னைக்கு இழுத்துட்டு வருவேன். நாளைக்கு நான் வேலைக்குப் போயிருக்கையில யாரு இழுக்க? பாட்டுக் கேட்டா அவரா வருவாரு. பாட்டப் போடச் சொல்லுங்க" என்றாள்.

"எங்கம்மா போடுறது, முடிக்கச் சொல்லிட்டாங்களே" என்றார் அரியநாயகம்.

அவள் எஸ்.ஐ. அம்மாவிடம் போனாள். "குடிச்சவரு ஒருத்தர்தானம்மா?"

"ஆமா."

"அப்ப அவரை வெளிய அனுப்புங்க. பாட்ட எதுக்கு வெளிய அனுப்புறீங்க?"

மரியாதை இல்லாத பேச்சு. என்னை வைத்துக்கொண்டே பேசுகிறாள்.

"அவரு ஒருத்தருக்காகச் சொல்லலம்மா. இந்தக் கூட்டத்துக்கு யாரு பொறுப்பு?" என்றார் எஸ்.ஐ. அம்மா.

அவள் ஒயர் கூடையிலிருந்து பாயை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

எங்கள் ஊர் வழக்கத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். மேடைக்கு முன்னால் ஒரு துண்டு இடம் காலியாக விட்டிருப்போம். அது ஆடுகிறவர்களுக்கு. அதன் பின்னால் ஆம்பளைகள். கடைசியில், மைதானத்து ஓரத்தில், பெண்கள். குடித்து ஆடுகிறவன் எவன் மேல் விழுவான் என்று தெரியாது, அதனால் அந்த இடத்துக்கு எந்தப் பெண்ணும் வந்ததில்லை. என் தாயார் வந்ததில்லை, என் மனைவி வந்ததில்லை.

அவள் அங்கே போய், நட்டநடுவில் பாயை விரித்து உட்கார்ந்தாள். உட்கார்ந்துகொண்டு பின்னால் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏ மதினி, சித்தி, எல்லாரும் பாயத் தூக்கிட்டு இங்க வாங்க. கல்யாணமாகி வந்ததுலருந்து பாடுறவ மூஞ்சிய நான் பாத்ததில்ல. ஆம்பளைக முதுகத்தான் பாத்திருக்கேன்."

"மேல விழுந்துட்டா?" என்றாள் ஒரு கிழவி.

"இன்னைக்கு யாரு விழப் போறா? விழுறவங்களப் பூராத்தான் அண்ணாச்சி வாசல்ல வச்சே அனுப்பிட்டாருல்ல."

பார்த்தீர்களா? அந்த மட்டுக்கு என் வேலையை ஒத்துக்கொண்டாள். அதை ஊரில் யாரும் சொல்வதில்லை.

முதலில் அந்தக் கிழவி வந்தாள். அப்புறம் பூசாரி வீட்டு மருமகள். அப்புறம் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் மொத்தமாக. பாய்க்கு மேல் பாய். பிள்ளைகள், தூக்குவாளிகள், முறுக்குப் பொட்டலங்கள். காலி இடம் நிறைந்துவிட்டது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நின்ற பையன்கள் பார்த்தார்கள். எறிந்தால் அவனவன் அம்மா தலையில்தான் விழும். ஒருத்தி திரும்பி, "எலேய், அத எறக்கி வச்சுட்டு உக்காருல. மறைக்குது" என்றாள். இறக்கி வைத்தார்கள். உட்கார்ந்தும்விட்டார்கள்.

எஸ்.ஐ. அம்மா அந்தப் பாய்களையும் பையன்களையும் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்துக் கையைக் காட்டினார், வாசிக்கச் சொல்லி. பிறகு என்னிடம், "பெரியவரே, நீங்க மட்டும் வாங்க" என்றார்.

என்னைக் கயிற்றுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். ரோட்டில். பரோட்டாக் கடைப் பக்கம். நான் திருப்பி அனுப்பியவன் ஒருத்தன், "வாங்க அண்ணாச்சி, நம்ம கட்சிக்கு வந்துட்டீங்க" என்றான்.

தவசி சற்றுத் தள்ளி நின்றான். டம்ளர் அவன் முன்னால் நீட்டினபடியே இருந்தது. நான் அவன் கையை மட்டும் பார்த்தேன். பையிலிருந்து டிக்கெட் வருகிறதா, காசு வருகிறதா என்று கையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். மேடையில் பாட்டு ஆரம்பித்தது. குத்துப் பாட்டு இல்லை. நிதானமான பாட்டு, பெண் குரல், கூட ஒரு புல்லாங்குழல். அவன் கை எழுந்தது. எடுக்கிறான், எடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். கை நேராக முகத்துக்குப் போனது. துடைத்துக்கொண்டான். டம்ளரை நீட்டியவனிடம் ஏதோ சொன்னான், கேட்கவில்லை. நடந்தான்.

வாசலுக்குப் போய் நின்றான். அங்கே ஆள் இல்லை. நான்தான் வெளியே இருக்கிறேனே. அவன் நின்றுகொண்டே இருந்தான். யாராவது ஊதச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்த மாதிரி அங்கேயும் இங்கேயும் பார்த்தான். யாரும் சொல்லவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

மறுபடி ஒரு தடவை சோதித்திருக்க வேண்டும். அதைச் செய்யத்தான் விடவில்லையே.

அடுத்து இரண்டு குத்துப் பாட்டு வந்தது. பெண்கள் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கவாட்டில் அவன் ஆடினான். ரோட்டிலிருந்து தலை மட்டும் தெரிந்தது. வெள்ளைச் சட்டைத் தோள் இரண்டும் தெரிந்தன. விழவில்லை. கடைசிவரை விழவில்லை. நான் முழுக்க நின்று பார்த்தேன். பாட்டுக்காக இல்லை, அவன் விழுகிறானா என்று பார்க்க.

சொன்ன நேரத்துக்குக் கச்சேரி முடிந்தது. ஒரு நாற்காலி உடையவில்லை. அடுத்த வருஷத்துக்கும் அனுமதி உண்டு என்று எஸ்.ஐ. அம்மா சொல்லிவிட்டுப் போனாராம். அடுத்த வருஷம் வாசலில் ஆள் வேண்டாமாம். பெண்கள் முன்னால் பாய் விரித்தால் போதுமாம். கமிட்டியில் முடிவு செய்துவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை.

நான் விடுவதாக இல்லை. இன்றைக்குத் திங்கள்கிழமை. கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள். அந்த மிஷினைச் சோதிக்கச் சொல்லி மனு கொடுக்கத்தான் போகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். பொய் எழுதினால் விசாரணையில் நிற்காது. கச்சேரியை மறுபடி நடத்தியது தான்தான் என்று அரியநாயகம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். எஸ்.ஐ. அம்மாதான் என்று சிலர். இரண்டும் பொய். நான் அங்கே இருந்தேன்.

தவசி பொண்டாட்டி என்று எழுதினால் ஆபீசில் ஏற்க மாட்டார்கள். பெயர் வேண்டும். அரியநாயகத்தைக் கேட்டேன், தெரியவில்லை. பேப்பர் குடோனில் கேட்டேன், தெரியவில்லை. அவள் கூடவே தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள்கூட, "தவசி வீட்டக்கா" என்கிறார்கள். கடைசியில் நேராகத் தவசி வீட்டுக்கே போனேன். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவன் வாசலை மறித்துக்கொண்டு, "எதுக்கு அண்ணாச்சி கேக்கீங்க?" என்றான். சந்தேகப் புத்தி. உள்ளேயிருந்து அந்த அம்மாளே வந்து சொன்னது.

இதோ பாருங்கள், அடிக்கோடு போட்டே எழுதியிருக்கிறேன். நின்ற கச்சேரியை மறுபடி நடத்திக் காட்டியவர்: வெயிலுகந்தாள்.